தம்பி வாய் திறக்காத விசாரணை

நீதிமன்றத்தில் ஆங்கிலம் விளங்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நானோ ஆயுள் முழுக்க ஆங்கிலம் படிப்பித்தவள். கொழும்பு புதுக்கடையில், மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தபோது, என் தம்பியின் அனுமதிப்பத்திரத்தைப் பற்றி நீதியரசர் கேட்ட ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாக விளங்கியது. தம்பிக்கும் விளங்கியிருக்கும். அவன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தான்.

தம்பி சுங்க முகவர். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் சாமானை, இன்ன இன்ன பொருள் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வைத்து, சுங்கத்தில் காட்டி மீட்டுத் தருவது அவன் தொழில். அதற்குப் பரீட்சை எழுத வேண்டும், அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், அதைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். பரீட்சைக்கு அவனுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். இதை நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்ததும் உண்மை.

மட்டக்களப்பில், வாகரையிலிருந்து காத்தான்குடி வரைக்கும், கட்டாரிலோ குவைத்திலோ ஆள் வைத்திருக்கும் வீடுகளில் அவனுடைய தொலைபேசி இலக்கம் சுவரில் எழுதியிருக்கும். கொழும்பில் அவனைப்போல எத்தனையோ பேர் இருந்தாலும், தமிழில் கதைக்கிற, ஏமாற்றாத ஆள் என்று எங்கள் சனம் அவனைத்தான் தேடியது. அவனிடம் ஒரே ஒரு தொல்லை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கையெழுத்து வைக்க மாட்டான். ஏறாவூரில் ஒரு வயதான உம்மாவிடம், மகன் அனுப்பிய பெட்டியில் சவர்க்காரம் எத்தனை கட்டி என்று கேட்டு, அவர் போனை வைத்துவிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் அவனைப் பகிடி பண்ணியிருக்கிறோம்.

பெட்டி என்றால் அது ஒருவருடைய பெட்டி இல்லை. அங்கே வேலை முடித்து ஒரேயடியாக ஊருக்குத் திரும்புகிறவர், சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரு பெரிய பெட்டியில் கட்டிக் கப்பலில் அனுப்புவார். செய்தி பரவியதும் அந்த நகரத்தில் இருக்கும் ஊர்க்காரர் எல்லோரும் ஆளுக்கொரு பார்சலோடு வந்து நிற்பார்கள். இதையும் வைச்சுவிடுங்க, அம்மாவுக்கு. இதையும் ஒரு மூலையில் செருகுங்க, பிள்ளைக்கு. முடியாது என்று சொல்வது எங்களில் வழக்கமில்லை. அதைவிட வழக்கமில்லாதது, பார்சலைப் பிரித்துக் காட்டு என்று கேட்பது. கேட்டால் அது அவமானம், பிறகு முகத்தில் முழிக்க முடியாது. எத்தனையோ பெட்டி இப்படித்தான் வந்தது, எங்கள் வீட்டுக் கம்பளிகளும் சீன வாளிகளும் இப்படித்தான் வந்தன.

என் கணவர் கதிரவெளிக்காரர். எங்கள் பக்கத்து முறைப்படி கல்யாணம் முடித்துத் தன்னாமுனைக்கு என் வீட்டுக்கு வந்தவர். வீட்டுக்குப் பின்னால் வாவி கிடந்தாலும், அவர் அதை ஒரு தண்ணீராகவே மதித்ததில்லை. படகும் மனமும் கதிரவெளிக் கடலில்தான். ஒரு வாடைக்காலத்தில் இயந்திரம் நின்று, அவரும் அவருடைய தம்பியும் அலையோடு இழுபட்டுப் போனார்கள். கைத்தொலைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. மறுநாள் மத்தியானம் வேறு படகுக்காரர் கட்டி இழுத்து வரும்வரை நான் அந்த மணலில் நின்றேன். என்ன நேர்த்தி வைத்தேன் என்பதுகூட இப்போது ஞாபகமில்லை. அவர் கரையில் இறங்கி முதலில் கேட்டது, குடிக்கப் பிளேன்ரீ இருக்கா என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே ஒரு முடிவு எடுத்தேன். எங்களுடைய இரண்டு படகுக்கும் கரைக்கும் வோக்கி டோக்கி வேண்டும்.

மகன் டோஹாவில் இருக்கிறான். அவனிடம் சொன்னேன். அவன் தயங்கினான்.

“அம்மா, அது பெர்மிட் இல்லாமக் கொண்டுவர ஏலாத சாமான். மாமாக்கிட்டக் கேட்டீங்களா?”

“மாமாதானே பெட்டியக் கிளியர் பண்ணப் போறார். பிறகென்ன?”

அந்தப் ‘பிறகென்ன’ என்ற சொல் இன்றைக்கும் என் காதில் குத்துகிறது. தம்பியிடம் நான் கேட்கவில்லை. மறந்து போய்க் கேட்காமல் விடவில்லை. கேட்டால் அவன் இல்லை என்பான், அதனால் கேட்கவில்லை. அவன் கையெழுத்து வைக்கிற பெட்டியை யார் திறக்கப் போகிறார்கள் என்ற மிதப்பு. அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான், எனக்கு ஒரு சின்ன உதவிக்கு அவன் அனுமதி வேண்டுமா என்ற திமிர். இரண்டும் சேர்ந்துதான் அந்தச் சாமான் கப்பல் ஏறியது.

பெட்டி வாகரையைச் சேர்ந்த ஒரு பெண்ணுடையது. சுனாமியில் வீட்டை இழந்து, டோஹாவில் ஒரு வீட்டில் வேலை செய்து, இளமையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பியவள். தம்பி வழக்கம்போல அவளிடம் போனில் எல்லாவற்றையும் கேட்டு எழுதினான். கம்பளி, சோறு சமைக்கிற குக்கர், விளையாட்டுச் சாமான். ஊர்க்காரர் தந்த பார்சல்களில் என்ன என்றதற்கு, “உடுப்புத்தான் தம்பி, வேற என்ன குடுப்பாங்க” என்றாளாம். அவள் பொய் சொல்லவில்லை. உடுப்பு என்று சொல்லித்தான் பார்சலை அவளிடம் கொடுத்திருந்தான் என் மகன்.

சுங்கத்தில் அந்தப் பெட்டியைத் திறந்தார்கள். இரண்டு கம்பளிக்கு நடுவில் ஆறு வோக்கி டோக்கி இருந்தது.

அன்று பின்னேரம் நான் வாவிப் பக்கம் கதிரையைப் போட்டுக்கொண்டு பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தம்பி போன் எடுத்தான். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

“அக்கா, மருமகன் வாகரைப் பெட்டியில ஏதும் குடுத்துவிட்டவனா?”

“ஓம்.”

“அத்தானுக்கா?”

“ஓம். கடலுக்குக் கொண்டுபோக.”

“சரி. ஒருத்தரிட்டயும் பறையாதீங்க. நான் பாத்துக்கொள்றன்” என்றான். ஏன் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தி மனதை ஆற்றியிருப்பேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். முறையாகக் கடிதம் வந்தது, பதில் சொல்லத் தவணை கொடுத்தார்கள், விரும்பினால் துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம் என்றார்கள். அந்த வாகரைப் பெண்ணையும் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். பலர் தந்த பார்சல், எது யாருடையது என்று தெரியாது என்று அவள் அழுதிருக்கிறாள். தம்பியிடம், இது யாருடைய சாமான், உமக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். அவன் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியும். யுத்தம் நடந்த எங்கள் பகுதியில் வோக்கி டோக்கி என்று சொன்னால் மீன்பிடி ஞாபகம் வருகிற ஆட்கள் குறைவு. என் மகன் விமான நிலையத்தில் இறங்க முடியாமல் போகும், கணவரை வந்து விசாரிப்பார்கள், அரசாங்கச் சம்பளம் வாங்குகிற எனக்கு வேலை போகும். இதையெல்லாம் கணக்குப் பார்த்து அவன் வாயை மூடிக்கொண்டான். கவனமில்லாமல் கையெழுத்து வைத்தான் என்று அனுமதிப்பத்திரத்தை ரத்துப் பண்ணினார்கள்.

வாகரைப் பெண்ணுக்குப் பெட்டி பிந்திக் கிடைத்தது. அவளை ஒருநாள் வாழைச்சேனைச் சந்தையில் கண்டேன். மரக்கறிக் கடையில் குனிந்து கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வந்த வழியே கிறுகி நடந்துவிட்டேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு நேர்மை பற்றிக் கட்டுரை எழுதக் கொடுக்கிறவள்தான் இந்த நான்.

நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற யோசனையைத் தம்பியின் தொழில் நண்பர் ஒருவர் சொன்னார். அனுமதிப்பத்திரம் பற்றி அதிகாரி எடுத்த முடிவு சரியான முறையில் எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும், பிழை என்றால் முடிவை அழித்துவிடும் என்றார். ரிட் என்று அதற்குப் பெயர். எனக்குப் புது உயிர் வந்ததுபோல இருந்தது. நான்தான் முன்னுக்கு நின்று தம்பியைக் கொழும்பில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் கூட்டிப் போனேன். என் பங்குக்கு ஏதாவது செய்து கடனைக் கழிக்கிற அவசரம் எனக்கு.

சட்டத்தரணி பொறுமையான மனிதர். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“தம்பி, மனுவில் போடாமல் விட்ட விஷயம் ஏதும் இருக்கா? இருந்தால் இப்பவே எனக்குச் சொல்ல வேணும்.”

நான் வாயைத் திறந்தேன். தம்பி என் பக்கம் திரும்பி, “அக்கா, எனக்குத் தொண்டை காயுது. கீழ போய் ஒரு தண்ணிப் போத்தல் வாங்கிக்கொண்டு வாறீங்களா?” என்றான்.

அது எதற்கு என்று எனக்கு விளங்காமல் இல்லை. அந்த இடத்தில் உட்கார்ந்தே இருந்திருக்கலாம். நான் எழும்பிப் போய்த் தண்ணீர் வாங்கி வந்தேன். கடையில் குளிர்ந்த போத்தலா சும்மா போத்தலா என்று கேட்டதற்கு நின்று யோசித்தும் பார்த்தேன். திரும்பி வந்தபோது சட்டத்தரணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. தண்டனை கடுமையானது, காரணம் போதாது என்று எங்கள் சட்டத்தரணி நன்றாகவே வாதாடினார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி அதிகம் பேசவில்லை. விசாரணையில் எழுதிய பதிவை மட்டும் வாசித்தார். கேள்வி, பதில்: சொல்ல ஒன்றும் இல்லை. கேள்வி, பதில்: சொல்ல ஒன்றும் இல்லை. நீதியரசர் எங்கள் பக்கம் பார்த்துக் கேட்டார். இந்த மனிதருக்கு அறிவித்தல் கொடுத்தார்கள், அவர் வந்தார், கேட்டார்கள். சொல்வதற்கு இடம் கொடுத்தும் அவர் சொல்லவில்லை. அதிகாரி இதைவிட வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

அதற்குப் பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. பின்வரிசை வாங்கில் இருப்பவர்களிடம் நீதிமன்றம் கேள்வி கேட்பதில்லை. மனு தள்ளுபடியானது.

வெளியே நடைபாதையில் தம்பி முகம் கழுவப் போனபோது, நான் சட்டத்தரணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வழக்குக் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்.

“அங்கே அதிகாரிக்கு முன்னால சொல்லாததை இங்கே சொல்ல ஏலாது அம்மா. அந்த முடிவு முறையாக எடுக்கப்பட்டதா எண்டு மட்டும்தான் இந்த நீதிமன்றம் பாக்கும். அதிகாரி கையில் என்ன இருந்ததோ அதை வைச்சுத்தான் பாக்கும்.”

“அப்ப இனி ஒரு வழியும் இல்லையா, சேர்?”

“இப்ப அவர் பேரில் இருக்கிற குற்றம் கவனமில்லாமல் கையெழுத்து வைச்சது. கொஞ்சக் காலம் போகட்டும், புதுசாக விண்ணப்பிக்கலாம். கவனக்குறைவை மன்னிப்பாங்க. எதையும் செய்யிறதுக்கு முன்னால என்னட்ட வாங்கோ.”

நான் போகவில்லை. கொஞ்சக் காலம் போகட்டும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. தம்பி கொழும்பு அறையைக் காலி பண்ணி, மனைவி பிள்ளைகளோடு ஊரில் வந்து இருந்தான். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சேர்ட் போட்டு, போக இடமில்லாமல் வாசலில் நிற்பான். சனம் இன்னும் போன் எடுத்துக்கொண்டிருந்தது. இப்ப நான் அந்த வேலை செய்றதில்லை என்று ஒவ்வொருவருக்கும் மரியாதையாகச் சொல்வான். அவர்களுக்கு வேறு முகவரின் இலக்கமும் கொடுப்பான். நான் அவன் வீட்டுக்குப் போவதைக் குறைத்தேன், போனால் மீன் கொண்டு போனேன். மீன் கொடுத்துத் தீர்க்கிற விஷயமா இது என்று அவன் மனைவியின் முகம் என்னைக் கேட்கும். அவள் ஒன்றும் கேட்டதில்லை. எனக்குத்தான் அப்படித் தெரிந்தது.

கடைசியில் நானே உட்கார்ந்து ஒரு சத்தியக்கடதாசி எழுதினேன். ஒருவரிடமும் காட்டவில்லை. நான் எழுதினதை யார் திருத்துவது? சாமான் என்னுடையது, மகனிடம் வாங்கச் சொன்னவள் நான், தம்பிக்குச் சொல்லாமல் மறைத்தவளும் நான். பெட்டி பிடிபட்ட அன்று பின்னேரம் அவன் போனில் கேட்டது, நான் ஓம் என்றது, அதையும் எழுதினேன். உண்மை என்றால் முழுசாக எழுத வேண்டும் என்ற வாத்தியார் புத்தி. ஊரில் ஒரு சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்து வைத்து, ரயிலேறிக் கொழும்புக்குப் போய்ச் சுங்க அதிகாரியின் கையிலேயே கொடுத்தேன்.

அவர் நடுத்தர வயதுப் பெண். மரியாதையாக உட்காரச் சொல்லி, கடைசி வரி வரைக்கும் வாசித்தார். “இதில் இருக்கிறது எல்லாம் உண்மையா?” என்றார். எல்லாம் உண்மை என்று நிமிர்ந்து இருந்து சொன்னேன். திரும்பி வரும்போது ரயிலில் நன்றாக நித்திரை கொண்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த நித்திரை. அந்த நித்திரையை நினைத்தால்தான் எனக்கு இப்போது அதிகம் வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் பயந்த எதுவும் நடக்கவில்லை. இரண்டு பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து, கணவரின் வாக்குமூலத்தை எழுதி, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். சாமான் ஏற்கெனவே பறிமுதல், இனி இப்படிச் செய்யாதீங்க என்றார்கள். மகன் விடுமுறைக்கு வந்து போனான், விமான நிலையத்தில் ஒரு கேள்வியும் இல்லை. படகுக்கு வோக்கி டோக்கி வேண்டுமென்றால் மீனவர் சங்கத்தின் மூலம் விண்ணப்பிக்கலாம் என்றும் அந்தப் பொலிஸ்காரரில் ஒருவர்தான் சொன்னார். விண்ணப்பித்தோம், கிடைத்தது. எதற்குப் பயந்து தம்பி வாயை மூடினானோ, அது இவ்வளவுதான்.

சுங்கத்தில் விசாரணையைத் திரும்பத் திறந்தார்கள். தம்பியையும் என்னையும் கூப்பிட்டார்கள். நான் நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன். தம்பிக்கு அப்போதுதான் என் சத்தியக்கடதாசியின் பிரதியை வாசிக்கக் கொடுத்தார்கள். அவன் வாசித்துக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றான். அதே இடத்தைத் திரும்ப வாசித்தான். எந்த இடம் என்று நான் இருந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

அதிகாரி அமைதியாகக் கேட்டார். “பெட்டி பிடிபட்ட அன்றைக்கே இது யாருடையது என்று அக்கா உங்களுக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறார். எங்கள் விசாரணை அதற்குப் பிறகுதான் நடந்தது. அப்படியென்றால் நாங்கள் கேட்டபோது உங்களுக்குத் தெரிந்திருந்தது. சரியா?”

இல்லை என்று அவன் சொல்லலாம். சொன்னால் நான் சத்தியம் பண்ணிப் பொய் எழுதியவள் ஆவேன். ஓம் என்றால், கவனமில்லாத முகவர் என்ற பெயர் போய், தெரிந்துகொண்டே சுங்கத்துக்கு மறைத்த முகவர் என்ற பெயர் வரும். அப்படிப்பட்டவனுக்கு எந்தக் காலத்திலும் அனுமதிப்பத்திரம் கொடுக்க மாட்டார்கள். தம்பி என்னைப் பார்க்கவில்லை.

“ஓம்” என்றான்.

அனுமதிப்பத்திரம் இனி இல்லை என்ற முடிவு கடிதத்தில் வந்தது, காரணங்கள் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தார்கள். சட்டத்தரணியிடம் இந்தத் தடவை ஓடினேன். அவர் கடிதத்தையும் என் சத்தியக்கடதாசியையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, இதில் எந்த நீதிமன்றமும் பிழை கண்டுபிடிக்காது என்றார். முழுசாகக் கேட்டிருக்கிறார்கள், தம்பியும் முழுசாகச் சொல்லியிருக்கிறார் என்றார். என்னைத் திட்டவில்லை. தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

அந்த இரண்டாவது விசாரணை முடிந்த அன்று நானும் தம்பியும் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவன் எனக்கு வடை வாங்கித் தந்தான். ஏசடா, வாய் நிறைய ஏசு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கடைசியில் நானே தொடங்கினேன்.

“உனக்கு நல்லது செய்யத்தான்டா எழுதினன்.”

“தெரியும் அக்கா.”

ரயில் மேடைக்கு வந்தது. சனம் எழும்பியது. அவன் என் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சத்தம் உயர்த்தாமல் சொன்னான்.

“இனி எனக்கு ஒரு நல்லதும் செய்யாதீங்க.”

பிறகு கூட்டத்தை விலக்கி முன்னால் போய், எனக்கு யன்னல் பக்கத்து இருக்கையைப் பிடித்து வைத்திருந்தான்.